யார் எடுத்த படம், யாருடைய முகம்?

2024 ஜூலையில் மகாராஷ்டிர அரசு ஒரு திட்டம் அறிவித்தது. மூத்த குடிமக்களை அரசு செலவிலேயே புனிதத் தலங்களுக்கு அழைத்துப்போகும் திட்டம். அதற்கான விளம்பரத்தில் ஒரு முதியவரின் முகம் இருந்தது. புனே மாவட்டத்து ஷிரூர் பக்கம் ஒரு குடும்பம் அதைப் பார்த்துத் திகைத்துப்போனது. மூன்று ஆண்டுகளுக்கு மேலாகக் காணாமல் போயிருந்த அவர்கள் வீட்டுப் பெரியவர் அவர். எங்கெங்கோ தேடியும் கிடைக்காத அப்பா அரசு விளம்பரத்தில் இருக்கிறார். அவரைக் கண்டுபிடித்துத் தாருங்கள் என்று மகன் முதலமைச்சரிடமே முறையிட்டார்.

அதே ஆண்டு பிப்ரவரியில் தமிழ்நாட்டில் வேறொரு கூத்து. குலசேகரப்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டும் நாளில் வந்த பத்திரிகை விளம்பரத்தில், ராக்கெட்டின் மேல் சீனக் கொடி. பிரதமர் மேடையிலேயே சாடினார். விளம்பரம் கொடுத்த அமைச்சர், வடிவமைத்தவர் செய்த தவறு என்றார். அதற்கு முன் 2021 செப்டம்பரில், உத்தரப் பிரதேசத்தின் வளர்ச்சியைச் சொல்ல வந்த முழுப்பக்க விளம்பரத்தில் கொல்கத்தாவின் மேம்பாலம் மஞ்சள் டாக்சிகளோடு பளிச்சென்று நின்றது. பத்திரிகையின் விளம்பரப் பிரிவு தங்கள் தவறுதான் என்று சொல்லிவிட்டது.

மூன்றையும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் மூன்றிலும் ஒரே ஓட்டை. இது யார், எந்த ஊர், எப்போது எடுத்தது, எடுத்தவர் யார் என்று அச்சுக்குப் போகுமுன் கேட்க ஆள் இல்லை. ஒரு காலத்தில் அந்தக் கேள்விகளுக்குப் பதில் வைத்திருப்பதே ஒரு தொழிலாக இருந்தது. மும்பையில் அந்தத் தொழிலுக்கு ஒரு முகவரியும் இருந்தது.

முகவரி காலபாதேவி. துணிக்கடைகளும் மொத்த வியாபாரமும் நெருக்கியடிக்கும் அந்தப் பகுதியில் 1987-இல் ஜகதீஷ் அகர்வால் 'டினோடியா' என்ற படக் களஞ்சியத்தைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் ஸ்டாக் போட்டோ நிறுவனம் என்று பெயர் வாங்கியது அது. ஏற்பாடு எளிமையானது. போட்டோகிராபர்கள் தாங்கள் எடுத்த ஸ்லைடுகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். விளம்பரக் கம்பெனி, பாடநூல் பதிப்பாளர், வங்கியின் டைரி, மருந்துக் கம்பெனியின் காலண்டர் என்று யாருக்காவது ஒரு படம் தேவைப்படும். எடுத்து வைத்திருக்கும் படத்தைப் பயன்படுத்த உரிமம் கொடுத்து, வரும் பணத்தை இருவரும் பிரித்துக்கொள்வார்கள். பாதிக்குப் பாதி என்பது உலகம் முழுக்கப் பரவலாக இருந்த கணக்கு.

இந்தத் தொழிலில் விலை சொல்லும் முறையைத் தனியாகக் கவனிக்க வேண்டும். படத்துக்கென்று நிலையான விலை கிடையாது, பயன்பாட்டுக்குத்தான் விலை. எத்தனை பிரதி அடிக்கப்போகிறீர்கள்? அட்டையிலா, உள்ளே கால் பக்கமா? இந்தியாவுக்கு மட்டுமா, வெளிநாட்டுக்கும் போகுமா? எத்தனை வருடம்? போட்டியாளருக்கு இதே படத்தைக் கொடுக்கக் கூடாதா? ஒவ்வொன்றுக்கும் விலை ஏறும் இறங்கும். ஆங்கிலத்தில் 'ரைட்ஸ் மேனேஜ்டு' என்று சொல்லப்பட்ட இந்த முறையில், படம் எங்கெங்கே போயிருக்கிறது என்ற கணக்கு நிறுவனத்தின் பேரேட்டில் இருக்கும். ஸ்லைடின் அட்டைச் சட்டத்தில் குனுகுனுவென்று எழுதியிருக்கும்: ஊர், நாள், விஷயம், எடுத்தவர் பெயர். படத்தில் ஆள் இருந்தால், அவரிடம் கையெழுத்து வாங்கிய சம்மதத் தாள் உண்டா இல்லையா என்பதும் பதிவாகியிருக்கும். வாங்குகிறவர் படத்துக்கு மட்டும் காசு கொடுக்கவில்லை. நாளைக்கு யாராவது சட்டையைப் பிடித்தால் பதில் சொல்ல ஆள் இருக்கிறது என்ற தைரியத்துக்கும் சேர்த்தே கொடுத்தார்.

அந்தத் தைரியம் மலிவாக வரவில்லை. ஃபோர்ட்டில் போரா பஜார் தெருவில் பிலிம் வாங்கும்போதே செலவு தொடங்கிவிடும். ஒரு ரோலில் 36 படம். ஸ்லைடு பிலிம் கொஞ்சமும் மன்னிக்காது. வெளிச்சக் கணக்கு அரை ஸ்டாப் தவறினாலும் வெளுத்துவிடும், இல்லையென்றால் இருண்டுவிடும். அதனால் ஒரே காட்சியை மூன்று அளவில் எடுத்து வைப்பார்கள். லேபில் கழுவி, ஒளிமேசையில் பரப்பி, லூப் கண்ணாடியில் ஒவ்வொன்றாகப் பார்த்து, தேறாததைக் கழித்தால் கையில் நிற்பது சொற்பம். கேமராவுக்கும் லென்ஸுக்கும் இறக்குமதி வரி வேறு. பணம் உள்ளவரும், பித்துப் பிடித்தவரும், பத்திரிகை வேலையில் இருந்தவரும்தான் இதற்குள் நுழைய முடிந்தது. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

விலைச் சரிவு இணையத்தோடு தொடங்கியது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு முன்பே ஒரு குறுந்தகடு வந்துவிட்டது. 1990-களில் சியாட்டிலின் போட்டோடிஸ்க் போன்ற நிறுவனங்கள் ஒரு சிடியில் நூற்றுக்கணக்கான படங்களை அடைத்து, 'ஒருமுறை வாங்குங்கள், எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்துங்கள்' என்று விற்றன. இதுதான் 'ராயல்டி ஃப்ரீ'. எத்தனை பிரதி, எந்த நாடு என்ற கேள்விகள் அத்தோடு போயின. யார் வாங்கியிருக்கிறார்கள் என்ற கணக்கும் போயிற்று. 2004-இல் அமெரிக்காவில் டெல், கேட்வே ஆகிய இரண்டு கம்ப்யூட்டர் நிறுவனங்களும் ஒரே கல்லூரிப் பெண்ணின் படத்தைத் தங்கள் விளம்பரங்களில் போட்டு மாட்டிக்கொண்டன. 1996-இல் ஒரு நாள் எடுத்த படங்கள் அவை. புத்தக அட்டை, வங்கி விளம்பரம் என்று உலகெங்கும் தென்பட்ட அந்தப் பெண்ணுக்கு இணையத்தில் 'எவ்ரிவேர் கேர்ள்' என்றே பெயர் வந்துவிட்டது.

பிறகு டிஜிட்டல் கேமரா. 2003 ஆகஸ்டில் கேனன் 300டி வெளிவந்தபோது, லென்ஸ் மாற்றும் டிஜிட்டல் கேமரா முதன்முறையாக 1,000 டாலருக்குக் கீழே இறங்கியது. பிலிம் செலவு இல்லை, லேப் இல்லை, தவறினால் அழித்துவிட்டு மறுபடி எடுக்கலாம். வெளிச்சக் கணக்கைக் கைவசப்படுத்த ஒரு தொழில்காரருக்கு ஆண்டுக்கணக்கில் பிடித்த பயிற்சியை, பின்பக்கத் திரையைப் பார்த்தே ஒரு கல்லூரிப் பையன் சில மாதங்களில் எட்டிப்பிடித்தான். 2009-இல் கோடக் நிறுவனம் கோடாக்ரோம் பிலிமை நிறுத்தியது. தயாரான கடைசி ரோலை வாங்கிக்கொண்டு கிளம்பிய போட்டோகிராபர் ஸ்டீவ் மெக்கரி, அதில் ஒரு பகுதியை மும்பையில் எடுத்தார். அமிதாப் பச்சனும் ஆமிர் கானும் அந்தக் கடைசி 36-இல் இருக்கிறார்கள்.

எடுக்கும் கைகள் பெருகிவிட்டன. விற்கும் இடமும் தயாராக இருந்தது. கனடாவின் கால்கரி நகரில் புரூஸ் லிவிங்ஸ்டன் 2000-இல் தொடங்கிய ஐஸ்டாக்போட்டோ, முதலில் வடிவமைப்பாளர்கள் படங்களை இலவசமாகப் பரிமாறிக்கொள்ளும் தளம். பிறகு கால் டாலர், ஒரு டாலர் என்று விற்கத் தொடங்கியது. 2003-இல் நியூயார்க்கில் ஜான் ஒரிங்கர் தான் எடுத்த சுமார் 30,000 படங்களைப் போட்டு ஷட்டர்ஸ்டாக்கைத் திறந்தார். அங்கே மாதச் சந்தா. படத்துக்கு விலை கேட்கும் பழக்கமே போய், மெஸ் டோக்கன் வாங்கியவர் போல வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு வந்துவிட்டது. பெரிய கடையான கெட்டி இமேஜஸ் 2006-இல் 5 கோடி டாலர் கொடுத்து ஐஸ்டாக்கை வாங்கியது. தன் வியாபாரத்தைத் தின்ன வந்ததைத் தன் வீட்டிலேயே வளர்ப்பது என்று அது முடிவெடுத்துவிட்டது.

விளைவு எப்படி இருந்தது? 2009 ஏப்ரலில் 'டைம்' இதழின் அட்டையில், சில்லறைக் காசுகள் நிறைந்த கண்ணாடி ஜாடியின் படம் வந்தது. சிக்கனத்தைப் பற்றிய அட்டைக் கட்டுரை. எடுத்தவர் ராபர்ட் லாம். படம் ஐஸ்டாக்கில் இருந்தது. அவர் கைக்கு வந்தது சுமார் 30 டாலர். உலகப் புகழ் பெற்ற இதழின் அட்டைக்கு ஆயிரக்கணக்கில் வாங்கிப் பழகிய தொழில்காரர்கள் கொதித்துப்போனார்கள். லாமுக்கோ சந்தோஷம், டைம் அட்டையில் தன் படம் என்பதே அவருக்குப் பெரிய விஷயம். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் ஒருவர் அந்தப் பணத்தில் வீட்டு வாடகை கட்ட வேண்டியவர், இன்னொருவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இப்படிப்பட்ட இருவர் ஒரே சந்தையில் விற்கும்போது விலை எந்தப் பக்கம் சாயும் என்பதில் சந்தேகமே இல்லை. 2019 நவம்பரில் கெட்டி, விளம்பரப் படங்களுக்கு 'ரைட்ஸ் மேனேஜ்டு' முறையையே கைவிடப்போவதாக அறிவித்தது.

இந்தியாவில் இந்தக் கதைக்கு ஒரு தனித் திருப்பம் உண்டு. சிடி காலத்தில் நம் வங்கித் துண்டறிக்கைகளில் சிரித்த குடும்பங்களெல்லாம் வெள்ளைக்காரக் குடும்பங்கள். புடவை கட்டிய மாமியாரும் லேப்டாப் வைத்திருக்கும் மருமகளும் வேண்டுமென்றால் எங்கே போவது? அந்தப் பள்ளத்தைக் கண்டுகொண்டவர் டெல்லியின் சந்தீப் மகேஸ்வரி. 2003-இல் பதினோரு மணி நேரத்துக்குள் 122 மாடல்களை வைத்துப் பத்தாயிரம் படங்களுக்கு மேல் எடுத்ததாக லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம்பிடித்தார். 2006-இல் இமேஜஸ்பஜார் தளத்தைத் தொடங்கினார். இந்திய முகங்கள், சம்மதத் தாளோடு. உலகத் தளங்கள் மலிவாக விற்றுக்கொண்டிருந்த நேரத்தில் இது நின்றதற்குக் காரணம், இங்கே வேண்டிய முகம் அங்கே குறைவாக இருந்ததுதான்.

இனி மும்பையின் தாராவிக்கு வருவோம். ஏறத்தாழ இரண்டரைச் சதுர கிலோமீட்டரில் லட்சக்கணக்கானவர்கள் வாழும் இடம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிட்டவர்கள், குஜராத்திலிருந்து வந்து கும்பார்வாடாவில் மண்பாண்டம் செய்பவர்கள், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த தையல்காரர்கள் என்று பல ஊர்கள் சேர்ந்த ஊர். 2007 மே மாத 'நேஷனல் ஜியோகிராபிக்' இதழுக்காக ஜோனாஸ் பெண்டிக்சன் இங்கே படம் எடுத்தார். ஏழை நகரங்களின் வீடுகளுக்குள்ளேயே போய், அங்கே வாழ்பவர்களின் பேச்சோடு படங்களை வெளியிட்ட அவருடைய புத்தகம் 2008-இல் வந்தது. அதே ஆண்டு 'ஸ்லம்டாக் மில்லியனர்'. அதன்பிறகு கேமராக் கூட்டம் தாங்கவில்லை.

இன்று எந்தப் படத் தளத்திலும் 'தாராவி' என்று தட்டிப் பாருங்கள். நீலத் தார்ப்பாய்க் கூரைகள், தண்ணீர்க் குழாய் மேல் நடப்பவர்கள், பிளாஸ்டிக் குவியல், கேமராவைப் பார்க்கும் குழந்தைகள். திரும்பத் திரும்ப அதே நான்கைந்து வகை. காரணம் கெட்ட எண்ணம் இல்லை, கணக்கு. ஒரு படத்துக்குச் சில சென்ட்தான் என்றால், எடுப்பவர் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட வேண்டும். அதிகம் தேடப்படும் சொல்லைச் சேர்க்க வேண்டும். அந்தச் சொல் 'சேரி', 'வறுமை'. ஜனவரியில் 90 அடி சாலையில் தமிழ்ப் பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கல் வைப்பதை எடுத்து, 'மும்பைச் சேரியில் தெருவோரம் சமைக்கும் பெண்கள்' என்று எழுதிவிட்டால் படம் விற்கும், பொங்கல் காணாமல் போகும். அந்தத் தெருவில் வளர்ந்தவரோ, அங்கே நாலு நாள் டீ குடித்தவரோ எடுத்திருந்தால் விளக்கக் குறிப்பு வேறு மாதிரி இருந்திருக்கும். நாலு நாள் டீ குடிக்கக் கட்டுப்படியாகும் விலை இப்போது இல்லை.

முகங்களின் கதை இன்னும் சிக்கல். சம்மதத் தாள் இல்லாத படத்தைச் செய்தி, கட்டுரைக்கு மட்டும்தான் விற்கலாம் என்பது தளங்களின் விதி, விளம்பரத்துக்குக் கூடாது. ஆனால் படம் இணையத்தில் நழுவிவிட்டால் அந்த விதி கூடவே போவதில்லை. 2021 பிப்ரவரியில் பிரதமரின் வீட்டு வசதித் திட்டத்தால் சொந்த வீடு கிடைத்ததாக ஒரு கொல்கத்தாப் பெண்ணின் படத்தோடு விளம்பரம் வந்தது. நிருபர்கள் போய்ப் பார்த்தால், அவர் சின்ன வாடகை அறையில் குடும்பத்தோடு இருந்தார். படம் எடுத்ததே தனக்குத் தெரியாது என்றார். தாராவியில் சுற்றுலா நடத்தும் ரியாலிட்டி டூர்ஸ், பயணிகள் படம் எடுக்கக் கூடாது என்று தொடக்கத்திலேயே விதி வைத்தது இந்தப் பின்னணியில் புரியும்.

மும்பையில் தமிழர்கள் அதிகம் வாழும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அடி வேறு திசையிலிருந்து விழுந்தது. அங்கே ஸ்டுடியோ வைத்திருந்தவர்கள் ஸ்டாக் தொழில்காரர்கள் அல்ல. பாஸ்போர்ட் போட்டோ, பூணூல், சீமந்தம், செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் அரங்கில் அரங்கேற்றம், சண்முகானந்தா கச்சேரி, செட்டா நகர் முருகன் கோயில் உற்சவம் என்று வருடம் ஓடும். இடையில் சும்மா எடுத்து வைத்த பூ மார்க்கெட் படம், கோயில் படம் பத்திரிகைக்கோ காலண்டருக்கோ போகும். சின்ன உபரி வருமானம். முதலில் போனது அந்த உபரிதான். சிவகாசியில் காலண்டர் வடிவமைப்பவருக்குச் சந்தா தளத்தில் லட்சக்கணக்கான பூக்கள் கிடைக்கும்போது மாட்டுங்காப் பூவுக்கு யார் ஆள் அனுப்புவார்கள்? பிறகு போனில் கேமரா வந்ததும் பாஸ்போர்ட் போட்டோவும் தேய்ந்தது. மிஞ்சியது கல்யாணம். கேண்டிட், ட்ரோன், கல்யாணத்துக்கு முந்தைய ஷூட் என்று அது மட்டும் வீங்கியது. விளம்பரத்துக்கும் ஸ்டாக்குக்கும் எடுத்துக்கொண்டிருந்த பல தொழில்காரர்கள் அந்தப் பந்தலுக்குள்தான் ஒதுங்கினார்கள்.

அங்கேயும் ஒரு சட்டச் சங்கதி உண்டு. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், உரிமை காசு கொடுத்தவருடையது. கல்யாணப் படம் எத்தனை அழகாக இருந்தாலும் அதைத் தளத்தில் விற்க போட்டோகிராபருக்கு உரிமை இல்லை. தன் இஷ்டத்துக்கு, தன் செலவில் எடுத்த படம்தான் அவருடைய சொத்து. அந்தச் சொத்துக்குத்தான் விலை சரிந்துவிட்டது.

எவ்வளவு சரிந்தது? 2020 ஜூனில் ஷட்டர்ஸ்டாக், படம் கொடுப்பவர்களுக்கான கட்டண முறையை மாற்றியது. ஒரு பதிவிறக்கத்துக்குக் குறைந்தபட்சம் 10 சென்ட். ஒவ்வொரு ஜனவரியும் எல்லோரும் மறுபடி கீழ்ப்படியிலிருந்து ஏற வேண்டும். அன்றைய கணக்கில் 10 சென்ட் என்பது ஏழரை ரூபாய். 40,000 ரூபாய் கேமராவின் விலையை எடுக்கவே ஒருவருடைய படங்கள் 5,300 தடவைக்கு மேல் இறங்க வேண்டும். உலகெங்கும் பலர் தங்கள் படங்களை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். தளத்துக்குப் பெரிய இழப்பு இல்லை. வாசலில் புதியவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அதற்குள் காசே வேண்டாம் என்று படங்களைக் கொட்டிய அன்ஸ்பிளாஷ் வளர்ந்துவிட்டது. 2021-இல் அதையும் கெட்டி வாங்கிக்கொண்டது.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. மலிவுத் தளங்கள் இல்லாவிட்டால் ஒரு சின்ன தமிழ்ப் பதிப்பகம் தன் அட்டைக்கு நல்ல படம் வாங்கியிருக்கவே முடியாது. எங்கிருந்தாவது திருடித்தான் போட்டிருக்கும். காலபாதேவிப் படிக்கட்டு ஏறத் தயங்கிய பையன்களுக்கும் பெண்களுக்கும் தளத்தின் வாசல் திறந்தே இருந்தது. ஆங்கிலத்தில் குறிச்சொல் போடத் தெரிந்தால் போதும். கதவு திறந்தது உண்மை. உள்ளே போனவர்களில் பெரும்பாலோருக்கு அதில் பிழைப்பு நடக்கவில்லை என்பதும் உண்மை.

இப்போது படமே எடுக்காமல் படம் வருகிறது. 2023-இல் கெட்டி, தன் படங்களை அனுமதியின்றித் தின்று பழகியதாக ஸ்டெபிலிட்டி ஏஐ மீது வழக்குப் போட்டது. அந்த இயந்திரம் துப்பிய சில படங்களில் கெட்டியின் நீர்க்குறியே கோணல்மாணலாக வந்திருந்தது. ஷட்டர்ஸ்டாக் வேறு வழியில் போனது. தன்னிடமுள்ள படங்களை ஓபன்ஏஐக்குப் பயிற்சிக்குக் கொடுத்துக் காசாக்கியது. 2025 ஜனவரியில் இரண்டு கடைகளும் இணையப்போவதாக அறிவித்தன. டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஏஎன்ஐ செய்தி நிறுவனம் ஓபன்ஏஐ மீது 2024 நவம்பரில் தொடுத்த வழக்கும், அடுத்தவர் படைப்பை அனுமதியின்றிப் பயிற்சிக்கு எடுக்கலாமா என்ற இதே கேள்வியைத்தான் நம் சட்டத்தின் முன் வைக்கிறது. இயந்திரம் செய்த முதியவருக்குத் தேடி வரும் மகன் கிடையாது. விளம்பரக்காரருக்கு அது வசதி. ஆனால் 'இது தாராவி' என்று ஒரு பாடநூல் சொல்ல வேண்டுமென்றால் அந்தப் படம் உதவாது.

பழைய தொழிலின் மிச்சம் இந்த இடத்தில்தான் உயிரோடு இருக்கிறது. யார், எங்கே, எப்போது என்று உறுதியாகச் சொல்ல வேண்டிய படங்கள். மும்பைத் துப்புரவுத் தொழிலாளர்களை ஆண்டுக்கணக்கில் கூடவே இருந்து பதிவுசெய்த சுதாரக் ஓல்வேயின் படங்களுக்கு மாற்றாக எந்தச் சந்தா தளத்திலும் ஒன்றை இறக்கிவிட முடியாது. கிராமப்புற இந்தியாவைப் பதிவுசெய்ய பி. சாய்நாத் 2014-இல் தொடங்கிய பாரி தளத்துக்காக மலக்குழி மரணங்களையும் கடலோரத்துப் பாசி எடுக்கும் பெண்களையும் எடுத்த எம். பழனிகுமாரின் படங்களும் அப்படித்தான். அவற்றில் இருப்பவர்களுக்குப் பெயர் இருக்கிறது, குறிப்பு இருக்கிறது.

தாராவியில் இப்போது அந்த மாதிரிப் படங்களுக்கு ஒரு தேவை உருவாகிக்கொண்டிருக்கிறது. 2022 நவம்பரில் மறுகட்டுமான ஏலத்தை அதானி குழுமம் எடுத்தது; 2024-இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. இன்றிருக்கும் தெருக்கள் இடிந்த பிறகு, பழைய தாராவி எப்படி இருந்தது என்று கேட்டு ஆவணப்பட இயக்குநர்களும் ஆய்வாளர்களும் அருங்காட்சியகங்களும் வருவார்கள். வழக்கறிஞர்கள்கூட வரலாம். அவர்களுக்கு நீலத் தார்ப்பாய் போதாது. இன்ன தெரு, இன்ன வருடம், வாசலில் நிற்பது இன்னார் என்று தெரிய வேண்டும். அந்தத் தகவல் பழைய ஸ்டுடியோக்காரர்களின் நெகட்டிவ் உறைகளில்தான் இருக்கும். கஸ்டமர் காசு கொடுத்து எடுத்துக்கொண்ட குடும்பப் படம் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தம்; கேட்டுத்தான் தர வேண்டும். தெருவையும் திருவிழாவையும் தன் பிலிமில் தானாக எடுத்தது போட்டோகிராபருடையது. 2012 திருத்தத்துக்குப் பிறகு அதன் உரிமை அவர் காலத்துக்கும், அதற்குப் பின் 60 ஆண்டுகளுக்கும் செல்லும். பெட்டியை இறக்கி, உறைகளில் மங்கியிருக்கும் பெயர்களை இப்போதே எழுதி வைத்து, ஸ்கேன் செய்துகொள்வது நல்லது. கேட்டு வருபவரிடம் எத்தனை பிரதி, எந்த நாடு, எத்தனை வருடம் என்று விசாரித்து விலை சொல்லலாம். அந்தப் படங்களுக்கு அந்தப் பழைய கணக்கு இன்னும் செல்லும்.